லேப்டாப் மூடியில் தேய்ந்த இடம்

காந்திபுரத்தில் பழைய லேப்டாப் விற்கிற அந்தக் கடையின் மாடிப்படியில் பெரியவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். அவள் வீட்டுக்கு வந்து, அப்பா கிறுக்குப் பிடித்த மாதிரி நடந்துகொண்டார் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னாள். சின்னவள் அதைக் கேட்டுவிட்டு, என்ன நடந்தது என்று என்னைக் குடைந்து எடுத்துவிட்டாள். பெரியவளுக்கு மறுநாளே சொல்லிவிட்டேன். சின்னவளுக்குப் பாதிதான் தெரியும், அந்தப் பாதியும் தப்பாகத் தெரியும். அதனால் உங்கள் இருவருக்குமாக இதை எழுதி வைக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் நீங்களே சரிசெய்து படித்துக்கொள்ளுங்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். சிங்காநல்லூரில் ஒரு பஃபிங் பட்டறை. கிரைண்டர் கம்பெனிகளில் இருந்து வருகிற எவர்சில்வர் தகடுகளை, வேகமாகச் சுற்றும் துணிச்சக்கரத்தில் பிடித்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கிக் கொடுப்பது. சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் "ச்சீ" என்று ஓடுவீர்கள். எனக்கு அதில் ஒரு நாளும் அருவருப்பு வந்ததில்லை. தூசிதானே, கழுவினால் போய்விடும்.

போன வருஷம் மழை விட்ட சமயத்தில், மொபெட்டில் வந்த ஒருவர் பட்டறை வாசலில் ஒரு சாக்கு மூட்டையை இறக்கினார். எங்கள் மொதலாளி அவரோடு வெளியே நின்று பேசிவிட்டு உள்ளே வந்து, இதையும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் என்றார். கொட்டிப் பார்த்தால் லேப்டாப்பின் மேல்மூடிகள். திரை இல்லை, உள்சாமான் இல்லை, வெறும் மூடிகள். நாற்பதுக்குக் குறையாது. ஒவ்வொன்றின் நடுவிலும் அரசாங்கத்தின் கோபுர முத்திரை இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலையில்லாமல் கொடுத்தவை, விற்கக் கூடாதவை. முத்திரை இருந்த தடமே தெரியாமல் மூடி புதுசு போல ஆக வேண்டும். அதுதான் வேலை.

பிளாஸ்டிக்கை எங்கள் சக்கரத்தில் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு நொடி கூடுதலாக அழுத்தினால் இளகிவிடும். தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து, அப்புறம் மிருதுவான துணிச்சக்கரத்தில் பட்டும் படாமலும் காட்டி எடுக்க வேண்டும். பட்டறையில் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. இரண்டு நாள் நான் ஒருவனே செய்தேன். கருகின பிளாஸ்டிக் வாடை நாக்கில் போய் ஒட்டிக்கொண்டது. மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதத்திலும் அதே வாடை.

அது என்னவென்று எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். என் கண்ணெதிரில்தானே தேய்ந்தது. முதலில் கோபுரத்தின் உச்சி போகும், அடியில் இருக்கிற எழுத்து கடைசியில் போகும். சில மூடிகளின் உள்பக்கத்தில் பிள்ளைகள் பேனாவால் பெயர் எழுதியிருந்தார்கள். ஒன்றில் பூ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதையும் நகத்தால் சுரண்டிப் போட்டேன். பழைய சாமான், யாரோ ஏலத்தில் எடுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாருமே கேட்காத கேள்விக்கு ஒருத்தன் பதில் தயார் செய்கிறான் என்றால், கேள்வி அவனுக்குள்ளேயே இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

அதை அப்படியே மறந்தும் போனேன்.

நம் வீட்டில் நான்கு பேருக்கும் உருப்படியான போன் ஒன்றுதான். பெரியவள் காலேஜில் கொடுக்கிற வேலையை எல்லாம் அந்தப் போனில் கட்டைவிரலால் தட்டித் தட்டி அனுப்புவாள். பாதியில் யாராவது கூப்பிட்டால் அழிந்துபோகும். இவளுக்கு முந்தைய செட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் லேப்டாப் கிடைத்தது. இவள் முறை வந்தபோது வரவில்லை. "காலேஜ் சேரு கண்ணு, வாங்கித் தாரேன்" என்று அன்றைக்குச் சொன்னேன். சேர்ந்தாள். தீபாவளிக்கு என்றேன். அப்புறம் பொங்கலுக்கு என்றேன். அதற்கப்புறம் பரீட்சை முடியட்டும் என்றேன். மூன்று தடவை தள்ளியாகிவிட்டது. நான்காவது தடவையும் தள்ளினால் அவள் சண்டை போடமாட்டாள், இனிமேல் என்னிடம் எதையுமே கேட்கமாட்டாள். அதுதான் எனக்குப் பயம். கடைத்தெருவில் எந்தப் பொம்மையைப் பார்த்தாலும் என் சட்டையைப் பிடித்து இழுத்த பிள்ளை அவள்.

நமக்குத் தேவை பெரிதாக ஒன்றுமில்லை. அவள் எழுத, சின்னவள் பாடம் பார்க்க, உங்கள் அம்மா ஒரம்பரை சொந்தபந்தத்தின் வீட்டுக் கல்யாண வீடியோவைக் கொஞ்சம் பெரிய திரையில் பார்க்க. சின்னதாக, பீரோவில் சேலைக்கு மேலே வைத்துப் பூட்டுகிற மாதிரி ஒன்று போதும். ஒரு சனிக்கிழமை அரைநாள் சொல்லிவிட்டுப் பெரியவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் புதுசு விற்கிற பெரிய கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு தம்பி வந்து, என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் போன் நம்பர் கேட்டார். எவ்வளவுக்குள் பார்க்கிறோம் என்று சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் வேறு ஆளைத் தேட ஆரம்பித்தது. மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார். விலை குறைந்ததெல்லாம் அங்கேதான் இருக்கிறது, கம்பி போட்டுக் கட்டி. சின்னதாக ஒன்றைக் காட்டினார். திறந்து மூடினால் அப்பளம் மாதிரி நெளிந்தது. அதைப் பற்றி நான் கேட்டதற்கெல்லாம் பதிலைப் பெரியவளைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார். கடைசியில் என்னைப் பார்த்துத் தமிழில் ஒன்று சொன்னார்.

"இது சும்மா படம் பார்க்கறதுக்குத்தான் சார் ஆகும். மாசத் தவணைல போட்டீங்கன்னா நல்லதாவே எடுக்கலாம்."

தவணை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தச் சின்ன லேப்டாப்பின் பட்டன்களை ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். என் நகக்கண் எப்போதும் கறுப்பு, எந்தச் சோப்புக்கும் போகாது. நான் கையை எடுத்ததும் அந்தத் தம்பி பையில் இருந்து ஒரு துணியை எடுத்து நான் தொட்ட இடத்தைத் துடைத்தார். பழக்கத்தில் செய்ததாகவும் இருக்கலாம். பெரியவள் பார்த்தாள். நான் பார்த்ததையும் பார்த்தாள். இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டோம்.

கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் பழசு விற்கிற கடையில்தான் வாங்குகிறார்கள், பாதி விலைக்கு இதைவிட நல்லதாகக் கிடைக்கும் என்று அவள்தான் சொன்னாள். காந்திபுரத்தில் ஒரு லாட்ஜுக்குப் பக்கத்து மாடி. படியின் மூலைக்கு மூலை வெற்றிலைப் பாக்கு துப்பிய கறை. மேலே போனால், சந்தையில் தக்காளி குவித்த மாதிரி லேப்டாப்புகளைக் குவித்து வைத்திருந்தார் கடைக்காரர். நாற்பது வயது இருக்கும், நல்ல வாய்.

"வாங்ணா, வாங்ணா. பாப்பாவுக்குங்களா? எது வேணும்னாலும் தொட்டுப் பாருங்ணா, நம்ம கடைல கண்ணாடியெல்லாம் கெடையாது."

தொடத்தான் முடியவில்லை. பட்டன்கள் எல்லாம் பல் மாதிரி மஞ்சள் பூத்திருந்தன. ஒன்றின் இடுக்கில் காய்ந்த சோற்றுப் பருக்கை, கூடவே முடி. இன்னொன்றைத் திறந்ததும் யாருடைய தலையிலோ தேய்த்த எண்ணெய் வாடை அடித்தது. மூன்றாவதின் காற்றுப் போகிற ஓட்டையில் கரப்பான்பூச்சி ஒன்று செத்துக் காய்ந்து கிடந்தது. கடைக்காரர் வாயால் ஊதினார். அது மேஜையில் விழுந்தது. விரலால் சுண்டிவிட்டார். அதே விரலால் பட்டன்களைத் தட்டி, "எல்லாம் பக்காவா வேலை செய்யுதுங்" என்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு வீட்டின் அழுக்கை இன்னொரு வீடு விலை கொடுத்து வாங்கிப் போகிற இடமாகத்தான் எனக்கு அது தெரிந்தது.

பெரியவள் மட்டும் பொறுமையாகத் தேடினாள். குவியலின் அடியில் இருந்து ஒன்றை எடுத்தாள். சின்னது, கறுப்பு, சுத்தமாக இருந்தது. பட்டன்களில் எழுத்துக்கூடத் தேயவில்லை.

"கரெக்டா எடுத்துப்போட்டீங்களே அம்மணி" என்றார் கடைக்காரர். "பொம்பளப் புள்ள வச்சிருந்ததுங். கவரை உட்டு எடுத்தே இருக்க மாட்டாங்க."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துத் திறந்தாள். பட்டனை அமுக்கியதும் திரை சடாரென்று வந்தது. எதையோ டைப் அடித்துப் பார்த்தாள், பத்து விரலாலும். அவள் அப்படி அடிப்பாள் என்றே எனக்குத் தெரியாது. போனில் கட்டைவிரலால் தட்டுகிறதைத்தான் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இதுதான் என்று அந்தப் பார்வையிலேயே இருந்தது. விலையும் நான் நினைத்ததற்குள் வந்தது. பையில் கையை விட்டேன்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் லேப்டாப்பை வாங்கி மூடிப் பார்த்தேன். மேல்மூடியில் விரலை ஓட்டினேன். எதையும் அப்படித் தடவிப் பார்ப்பது எனக்குத் தொழில் பழக்கம். நடுவில் விரல் நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம். ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, லேசாக, தண்ணீர் நின்று வற்றிய மாதிரி. டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கீறல்கள் இடமிருந்து வலமாகச் சரிந்து போயிருந்தன. என் வலது மணிக்கட்டு ஒரு தடவை அடிபட்டதில் இருந்து நேராகத் திரும்பாது, நான் தேய்த்தால் எல்லாமே அப்படிச் சரிந்துதான் போகும். வேறு யாருடைய கையும் இல்லை அது.

நான் மூடியையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கடைக்காரர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். கிட்டே வந்து குரலைத் தணித்துக்கொண்டார்.

"அதயப் பத்தி யோசிக்காதீங்ணா. முத்திரை இருந்துச்சு, எடுத்தாச்சு. சிங்காநல்லூர்ல ஒரு ஆளு இருக்கறாராமா. அவரு தேச்சுக் குடுத்தார்னா பெத்தவனுக்கே அடையாளம் தெரியாதுங். என்னா கை தெரியுங்களா அது."

இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை, பெரியவளிடம்கூட இப்போது எழுதித்தான் சொல்கிறேன். அந்த ஆள் அப்படிச் சொன்னபோது ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் மொதலாளி வாயில் இருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தது கிடையாது. யாரோ ஒரு மூன்றாம் மனிதர் என் மகள் முன்னால் என் கையைப் பாராட்டுகிறார். நெஞ்சு நிமிர்ந்தது. அது நிமிர்ந்ததை நானே பார்த்தேன். அடுத்த நொடி அந்த நெஞ்சின் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. கரப்பான்பூச்சியைப் பார்த்தபோது வந்த அருவருப்பெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. லேப்டாப்பை மேஜையில் வைத்தேன். பெரியவளின் கையைப் பிடித்தேன். "அண்ணா, என்னாச்சுங்ணா, விலை கொறைச்சுக்கலாங்ணா" என்று பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். திரும்பவே இல்லை. சிங்காநல்லூரில் இறங்கி நடக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"வேண்டாம்னா ஊட்டுலயே வேண்டாம்னு சொல்லியிருக்கலாங்ப்பா. அத்தனை பேரு முன்னாடி எதுக்கு."

நான்காவது தடவையும் தள்ளுவதற்கு அப்பா ஒரு சாக்குத் தேடிக்கொண்டார் என்று அவள் நினைத்துவிட்டாள். அதை மாற்ற வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் நான் யார் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவே இல்லை.

"ஏனுங்க, குண்டாவத் தேச்சா என்ன, அதயத் தேச்சா என்ன. குடுத்தாங்க, தேச்சீங்க. வித்தது வித்தாச்சு. அது எவனோ ஊட்ல கெடக்கறதுக்கு, படிக்கிற புள்ள கைல இருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த லேப்டாப் நம் பீரோவுக்குள் இருப்பதை நினைத்தால், சோற்றில் விழுந்த பல்லியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்வது மாதிரி இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெரியவள் மொட்டைமாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் போய் வாளியில் இருந்து ஒவ்வொன்றாகப் பிழிந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே சொன்னேன். சாக்கு மூட்டை, கோபுரம், பூ ஸ்டிக்கர், மணிக்கட்டு எல்லாவற்றையும். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். சொல்லி முடித்தபோது வாளி காலியாகிவிட்டது.

அவள் அதிர்ச்சி அடைவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு, அப்புறம் எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"அது பள்ளிக்கூடத்து லேப்டாப்புன்னு எனக்குத் தெரியுங்ப்பா. அடியில நம்பர் இருந்துச்சு. எங்க காலேஜ்ல பாதிப் பேரு வச்சிருக்கறது அதுதான்."

"தெரிஞ்சுமா கண்ணு எடுத்தே?"

"தெரிஞ்சுதான் எடுத்தேன். எனக்கு வரவேண்டியது வரல. இப்படியாச்சும் வரட்டுமேன்னு நெனச்சேன்."

விற்ற பிள்ளைக்கு ஒரு காரணம் இருந்திருக்கும், வாங்க வந்த என் பிள்ளைக்கு ஒரு காரணம் இருந்தது. காரணமே இல்லாமல் நடுவில் நின்று தடத்தை அழித்துக் கொடுத்தவன் நான். எனக்குக் கூலி மட்டும்தான். அழுக்குப் பிடித்த கடை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறியவனும் நான்தான்.

அவள் விடவில்லை. "நீங்க தேச்சதுன்னு தெரியாம இருந்திருந்தா, வாங்கியிருப்பீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "வாங்கியிருப்பேன் அம்மணி" என்றேன்.

கயிற்றில் கடைசித் துணியை இழுத்து நேராக்கினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதய வாங்கியாந்து வச்சா, நான் தொறக்கும்போதெல்லாம் நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குவீங்க. உங்க மூஞ்சியப் பாத்துட்டு என்னால படிக்க முடியாதுங்ப்பா. புதுசே வாங்குங்க. மெதுவா இருந்தாலும் பரவால்ல." வாளியை எடுத்துக்கொண்டு படி வரைக்கும் போனவள் நின்றாள். "ஆனா இன்னைக்கே. பரீட்சை, பொங்கல்னு ஏதாச்சும் சொன்னீங்கன்னா, பொறவு நான் கேக்கவே மாட்டேன்."

அன்றைக்கே போனோம். வேறு கடை தேட நேரமில்லை, அதே கண்ணாடிக் கதவு, அதே தம்பி. மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த அப்பளத்தையே எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். இது வேலைக்கு ஆகாது என்று மறுபடியும் சொன்னார். தெரியும் என்றேன். நேற்று அவர் துடைத்த இடத்தில் இன்றைக்கும் கை வைத்துத்தான் எடுத்தேன். துணியை எடுக்கிறாரா என்று பார்த்தேன். எடுத்தார்.

திங்கட்கிழமை பட்டறையில், இனிமேல் மூடி வந்தால் எனக்கு வேண்டாம் என்று மொதலாளியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சரிங், உங்களுக்கு வேண்டாட்டிப் போகுது, வேற கை இல்லைங்களா" என்றார். அடுத்த மூட்டை வந்தபோது பக்கத்துச் சக்கரத்துக்குப் போனது. அங்கே நிற்கிற ஆளுக்குப் பொறுமை கிடையாது, நிறைய மூடிகளை இளக வைத்துவிடுகிறார். வாடை முன்னைவிட அதிகம். அந்த நாட்களில் நான் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். என்னால் ஒன்றும் நிற்கவில்லை, என் கை மட்டும்தான் நின்றது. இதைப் பெரிய காரியம் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது வீட்டில் இருக்கிற லேப்டாப்பைப் பற்றி உங்களுக்கே தெரியும். பட்டனை அமுக்கிவிட்டு அடுப்பில் பால் வைத்தால், பால் பொங்கின பிறகுதான் அது கண்ணைத் திறக்கும். பெரியவள் அதில் எழுதி முடித்து அனுப்பிவிடுகிறாள், சலித்துக்கொண்டேதான். ஒரு நாள் சின்னவள் அதன் முன்னால் உட்கார்ந்து, என்னக்கா இது, பழசையே வாங்கியிருந்தால் இந்நேரம் இரண்டு பாடம் பார்த்திருப்பேனே என்று முனகினாள். பெரியவள் புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"இது அப்பா கை படாததுடி. கொஞ்சம் மெதுவாத்தான் வரும், இரு."

நான் உள்ளறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் எனக்காகப் பேசினாளா, என்னைக் குத்தினாளா என்று தெரியவில்லை. வெளியே வந்து கேட்கவும் இல்லை. போன வாரம் அவளே வந்து, செருப்பு அறுந்துபோச்சு, புதுசு வேணுங்ப்பா என்றாள். சனிக்கிழமை போகலாம் என்று சொல்ல வாயெடுத்தவன், சட்டையைப் போட்டுக்கொண்டு உடனே கிளம்பினேன்.